நாட்டை நகர்த்தலாம், விதியை வளைக்க முடியாது

(புனைகதையில் வரும் நனோ தொழில்நுட்பம் எவ்வளவு தூரம் நம்பத்தக்கது என்பது பற்றித் திருகோணமலையில் வாசகர்களும் உயர்தர வகுப்பு மாணவர்களும் கூடிய அவையில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இந்த ஊரின் இந்துக் கல்லூரியில் அதிபராக இருந்தவர் விபுலானந்த அடிகள். இலக்கியத்திலும் இசையிலும் தோய்ந்த அவர் விஞ்ஞானமும் பயின்றவர். விஞ்ஞானத்தைத் தமிழில் கற்பிக்க வேண்டும் என்று கலைச்சொல் ஆக்கத்துக்காக உழைத்தவர். அவரை வணங்கித் தொடங்குகிறேன். கதையையும் கணக்கையும் ஒரே பாயில் உட்காரவைக்க இன்று முயலப்போகிறேன். அதற்கு அவருடைய ஆசி வேண்டும்.

கோணேசர் கோயிலுக்குப் போகும்போது இராவணன் வெட்டுப் பக்கம் நின்று கீழே கடலைப் பார்க்காதவர் இந்த அவையில் இருக்க மாட்டார். 1950களின் நடுப்பகுதியில் அந்தப் பாறையின் அடியில் இரண்டு ஆங்கிலேயர் மூச்சுக் கருவியோடு மூழ்கினார்கள். ஒருவர் விஞ்ஞானப் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க். மற்றவர் அவருடைய தோழர் மைக் வில்சன். பதினேழாம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய கோயிலின் செதுக்கிய தூண்களையும் கற்களையும் அவர்கள் கடலடியில் கண்டார்கள். 1957இல் வெளிவந்த 'தி ரீஃப்ஸ் ஒஃப் தப்ரொபேன்' என்ற நூலில் கிளார்க் நம் கடலைப் பற்றி எழுதினார். 1956இலிருந்து 2008இல் கண் மூடும்வரை இந்தத் தீவுதான் அவருக்கு வீடு.

அவர் நம் ஊரைக் கதையிலும் வைத்தார். 1964இல் வெளியான 'தி ஷைனிங் வன்ஸ்' என்ற சிறுகதை திருகோணமலைக் கடலில் நடக்கிறது. கடலின் மேல்நீருக்கும் ஆழ்நீருக்கும் உள்ள வெப்ப வேறுபாட்டிலிருந்து மின்சாரம் எடுக்கும் நிலையமொன்று இங்கே அமைகிறது. ஆழத்தில் ஏதோ அதைச் சேதப்படுத்துகிறது. அது என்ன என்று பார்க்க ஒரு பொறியியலாளர் இறங்குகிறார்.

அந்தக் கதைக்கு அவர் ஏன் திருகோணமலையைத் தேர்ந்தார்? கரைக்கு மிக அருகிலேயே பேராழம் வேண்டும். கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கும் கடலடிப் பள்ளத்தாக்கு வெளியே போகப்போக 3,000 மீற்றரையும் தாண்டி இறங்குகிறது. மேல்நீர் ஏறத்தாழ 28 பாகை; ஆயிரம் மீற்றர் ஆழத்தில் ஏழு பாகை அளவுதான். இந்த வேறுபாட்டில் இயங்கும் எந்த இயந்திரமும் அந்த வெப்பத்தில் நூற்றுக்கு ஏழு பங்குக்கு மேல் வேலையாக மாற்ற முடியாது. வெப்ப இயக்கவியல் அவ்வளவுதான் அனுமதிக்கிறது. குறைவுதான், ஆனால் கடல் பெரிது. ஆக, அந்தக் கதையின் அடிப்படை உறுதியானது. அதில் வரும் உயிரினங்கள் கற்பனை. அவை வாழும் ஆழமும் குளிரும் உண்மை.

இதைத்தான் நம்பத்தன்மை என்கிறேன். இன்னும் செய்யப்படாதது வேறு, செய்யவே முடியாதது வேறு. முதலாவதை எழுதுபவர் விஞ்ஞானப் புனைகதை எழுதுகிறார். இரண்டாவதை எழுதுபவர் மாயக்கதை எழுதுகிறார். மாயக்கதையும் நல்ல இலக்கியமாகலாம். விக்கிரமாதித்தன் கதை கேட்டு வளர்ந்தவன் நான். ஆனால் எது எது என்று வாசகருக்குத் தெரிய வேண்டும், எழுதுபவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும்.

நனோ என்ற சொல் குள்ளன் என்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஒரு மீற்றரை நூறு கோடி பங்காகப் பிரித்தால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். உங்கள் விரல் நகம் ஒரு செக்கனுக்கு ஏறத்தாழ ஒரு நனோமீற்றர் வளர்கிறது. இந்தக் கூட்டம் முடிந்து நீங்கள் எழுந்திருக்கும்போது சில ஆயிரம் நனோமீற்றர் வளர்ந்திருக்கும்; ஒருவருக்கும் தெரியாது.

அந்த அளவில் பொருளின் குணமே மாறுகிறது. புல்மோட்டைக் கறுப்பு மணலை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அதிலுள்ள இல்மனைற் இரும்பும் தைத்தேனியமும் ஒட்சிசனும் சேர்ந்த கனிமம். அதிலிருந்து எடுக்கக்கூடிய தைத்தேனியம் ஈரொட்சைட்டுத்தான் சுவருக்குப் பூசும் வெள்ளை வர்ணத்தின் வெண்மை. அதே தூளைச் சில பத்து நனோமீற்றர் அளவுக்கு நுணுக்கினால் வெண்மை போய்விடும். பூசினால் தோல் அப்படியே தெரியும், புறஊதாக் கதிர் மட்டும் தடுக்கப்படும். நிலாவெளியில் சுற்றுலாப் பயணிகள் பூசிக்கொள்ளும் வெயில் கிறீம்கள் பலவற்றில் இருப்பது இதுதான். மந்திரம் ஒன்றுமில்லை. துகள் ஒளியின் அலைநீளத்தைவிட மிகச் சிறிதானதும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும் வலிமை அதற்குக் குறைந்துவிடுகிறது.

ஒரு கதையில் நனோ வந்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். அது பாரத்தைத் தாங்குமா? அது எப்படி நகரும், எதில் ஒட்டும்? அதற்குச் சக்தியும் கட்டளையும் எங்கிருந்து வரும்? அது பெருகினால் எதைத் தின்னும்? இந்த நான்கையும் ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

விண்ணுக்கு ஓர் இழை

1979இல் கிளார்க் எழுதிய நாவல் 'தி ஃபவுண்டன்ஸ் ஒஃப் பரடைஸ்'. ஹியூகோ, நெபியூலா என்ற இரு பெரும் விருதுகளையும் பெற்றது. வன்னெவார் மோர்கன் என்ற பொறியியலாளர் பூமியிலிருந்து விண்வெளிக்கு ஒரு மின்தூக்கி அமைக்க விரும்புகிறார். நிலநடுக்கோட்டுக்கு மேலே ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் சுற்றும் செய்மதி, பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றுவதால் நமக்கு ஒரே இடத்தில் நிற்பதுபோலத் தோன்றும். அங்கிருந்து ஒரு கயிற்றை இறக்கினால் அதில் பெட்டி ஏறலாம், இறங்கலாம். இந்த எண்ணம் கிளார்க்குக்கு முந்தியது. 1895இல் ரஷ்யாவின் சியோல்கோவ்ஸ்கி ஒரு கோபுரமாக இதை நினைத்தார். 1960இல் அர்த்சுத்தானொவ் மேலிருந்து இறக்கும் கயிறாக்கினார்.

எந்தக் கயிறு தாங்கும்? ஒரு கயிற்றைத் தொங்கவிட்டு நீட்டிக்கொண்டே போனால் ஒரு கட்டத்தில் தன் நிறையாலேயே அறுந்துவிடும். நல்ல உருக்குக் கம்பி ஏறத்தாழ 25 கிலோமீற்றரில் அறும். கெவ்லார் இழை 250 கிலோமீற்றர் அளவுக்குத் தாங்கும். மேலே போகப்போக ஈர்ப்பு குறைவதையும் சுழற்சி கயிற்றை வெளியே இழுப்பதையும் சேர்த்துக் கணக்கிட்டால், விண்தூக்கிக்கு வேண்டியது தரையின் ஈர்ப்பில் ஏறத்தாழ 5,000 கிலோமீற்றர் தாங்கும் இழை. கயிற்றை நடுவில் தடிப்பாக்கிச் சமாளிக்கலாமே என்றால், உருக்கில் அந்தத் தடிப்பு அண்டவெளியிலும் அடங்காது. ஆகவே கிளார்க் ஓர் இழையைக் கற்பித்தார். நீளவாட்டில் முறியாமல் தொடரும் வைரப் பளிங்குபோன்ற ஒன்று, கண்ணுக்கே தெரியாத மெல்லிசு. காபன் அணுக்களின் பிணைப்பைவிட வலிய பிணைப்பு அரிது என்பது அவருக்குத் தெரியும்.

ஆறு ஆண்டுகள் கழித்து, 1985இல், குரோட்டோ, கேர்ள், ஸ்மோலி மூவரும் 60 காபன் அணுக்கள் பந்துபோல் சேர்ந்த மூலக்கூறைக் கண்டார்கள். 1991இல் ஜப்பானின் சுமியோ ஈஜிமா காபன் நனோக்குழாய்களைப் பற்றி எழுதினார். ஓர் அணுத் தடிப்புள்ள காபன் தாளைச் சுருட்டினால் எப்படியோ, அப்படி. அதன் வலிமை கிளார்க்கின் கணக்குக் கேட்ட எல்லையைத் தொடுகிறது. கதை முதலில் ஒரு குணத்தை எழுதிவைத்தது, அந்தக் குணமுள்ள பொருள் பின்னால் கண்டுபிடிக்கப்பட்டது.

அப்படியென்றால் விண்தூக்கி வந்துவிடுமா? அதற்கும் கணக்கு இருக்கிறது. 2013இல் சீனாவில் வளர்த்த மிக நீளமான நனோக்குழாய் அரை மீற்றர். தேவை 36,000 கிலோமீற்றர். நீளம் கூடக்கூட எங்காவது ஓர் அணு விடுபட்டுப்போகும்; அந்த ஓர் இடைவெளியே இழையின் வலிமையைக் கணிசமாகக் குறைத்துவிடும். கரைவலை இழுப்பவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. வலை அறுவது பலமான இடத்தில் அல்லவே. ஆக என் தீர்ப்பு: இயற்கை தடுக்கவில்லை, கைவினை இன்னும் எட்டவில்லை. விஞ்ஞானப் புனைகதை நிற்க வேண்டிய இடம் சரியாக அதுதான்.

இங்கே நான் மிகவும் மதிக்கும் ஒரு செய்தியைச் சொல்கிறேன். இத்தகைய கயிறு செங்குத்தாகத் தொங்க வேண்டுமானால் நிலநடுக்கோட்டில்தான் தரையைத் தொட வேண்டும். இலங்கை நிலநடுக்கோட்டில் இல்லை. கிளார்க் என்ன செய்தார்? நாட்டையே 800 கிலோமீற்றர் தெற்கே நகர்த்தி, அதற்குத் தப்ரொபேன் என்று பெயர் வைத்தார். சிவனொளிபாத மலையின் உயரத்தை இரட்டிப்பாக்கினார். இந்த மாற்றங்களை நூலிலேயே ஒளிக்காமல் எழுதிவைத்தார். புவியியலில் கைவைத்த மனிதர் ஈர்ப்பு விதியில் கைவைக்கவில்லை. ஒரு விதியை வளைப்பதைவிட ஒரு தீவை நகர்த்துவது அவருக்கு எளிதாக இருந்தது. எழுத விரும்பும் பிள்ளைகளே, இந்த ஒன்றை மட்டும் நீங்கள் வீட்டுக்கு எடுத்துச் சென்றால் எனக்குப் போதும்.

மட்டியும் பல்லியும் பலாப்பழமும்

இரண்டாவது கேள்வி நகர்வு பற்றியது. 1966இல் 'ஃபென்டாஸ்டிக் வொயேஜ்' என்ற திரைப்படம் வந்தது. ஒரு நீர்மூழ்கியையும் அதிலுள்ள மனிதரையும் நுண்ணுயிர் அளவுக்குச் சுருக்கி ஒரு நோயாளியின் இரத்தத்தில் செலுத்துவார்கள். அணுக்களைச் சுருக்க வழியில்லை என்பதால் அந்த முதல் படியிலேயே அது மாயக்கதை. அதை மன்னித்துவிட்டு மேலே போவோம். அவ்வளவு சிறிய கப்பல் நீந்துமா?

நம் ஊரில் வள்ளத்தின் எஞ்சினை நிறுத்தினாலும் வள்ளம் அந்த வேகத்திலேயே வந்து மணலில் ஏறும். ஒரு பற்றீரியா நீந்துவதை நிறுத்தினால் எவ்வளவு தூரம் வழுக்கிச் செல்லும்? பௌதிகவியலாளர் எட்வேர்ட் பேர்செல் 1977இல் எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில் கணக்குப் போட்டுக் காட்டினார்: ஓர் அணுவின் அகலத்தில் பத்தில் ஒரு பங்கு. அந்த அளவில் தண்ணீர், நமக்குத் தேன் எப்படியோ அதைவிடக் கெட்டி. அங்கே உந்தித் தள்ளிய வேகம் என்று ஒன்று மிஞ்சுவதே இல்லை.

இதிலிருந்து ஓர் அதிசயமான முடிவு வருகிறது. மட்டி தன் ஓடுகளைத் திறந்து மூடி நீந்துவதாக வையுங்கள். மூடும்போது எவ்வளவு முன்னே போகிறதோ, திறக்கும்போது அவ்வளவும் பின்னே வந்துவிடும். வேகமாக மூடி மெதுவாகத் திறந்தாலும் பயன் இல்லை. போய்த் திரும்பும் எந்த அசைவும் அந்த உலகில் ஓரடி நகர்த்தாது. மீன் வால்போல் இப்படியும் அப்படியும் அசையும் விறைத்த தகடு ஒன்றைப் பூட்டி நனோ ரொபோவை இரத்தத்தில் ஓடவிடும் கதை இங்கேயே நின்றுபோகும். பற்றீரியாக்கள் எப்படி நீந்துகின்றன? முறுக்கிய வாலைத் திருகாணிபோல ஒரே திசையில் சுழற்றுகின்றன. வேறு சில உயிர்கள் சாட்டைபோல் வளைந்து நீந்துகின்றன. உங்கள் கதையின் ரொபோவுக்குத் திருகு வால் வைத்தால் பௌதிகம் தெரிந்த வாசகர் உங்களைக் கைகொடுத்து வரவேற்பார்.

அடுத்தது ஒட்டுதல். வீட்டுச் சுவரில் தலைகீழாக ஓடும் பல்லியின் காலில் பசை இல்லை. அதன் விரல்களிலுள்ள மிக நுண்ணிய மயிர்முனைகள் சுவரின் மூலக்கூறுகளோடு மிக நெருங்கும்போது எழும் மெல்லிய கவர்ச்சி விசைதான் பல்லியைத் தாங்குகிறது. பெரிய உடலுக்கு அந்த விசை பொருட்டே இல்லை. சிறியதற்கு அதுதான் எல்லாம். நனோ அளவில் எல்லாமே எல்லாவற்றோடும் ஒட்டும்.

1959 டிசம்பர் 29 அன்று பௌதிகவியலாளர் ரிச்சர்ட் ஃபைன்மன் கலிஃபோர்னியாவில் ஆற்றிய உரையை நனோ இயலின் தொடக்கமாகச் சொல்வதுண்டு. அடியில் இன்னும் நிறைய இடம் இருக்கிறது என்பது அவருடைய செய்தி. அந்த உரையிலேயே இந்த ஒட்டும் சிக்கலையும் அவர் எச்சரித்தார். 1986இல் எரிக் டிரெக்ஸ்லர், அணுக்களை ஒவ்வொன்றாக எடுத்து வேண்டியதைக் கட்டும் நுண்கருவிகளைப் பற்றி 'என்ஜின்ஸ் ஒஃப் கிரியேஷன்' என்ற நூலில் எழுதினார். கதாசிரியர்களுக்கு அது ஒரு பொக்கிஷமாயிற்று. நான் சொன்ன காபன் பந்துக்காக நோபல் பரிசு பெற்ற ஸ்மோலி அதை மறுத்தார். அணுவைப் பிடிக்கும் விரலும் அணுக்களால்தானே ஆனது. அது தடித்த விரல், அதோடு ஒட்டும் விரல், பிடித்ததை விடாது என்றார்.

கையில் எண்ணெய் பூசாமல் பலாப்பழம் வெட்டியவருக்கு ஸ்மோலி சொன்னது உடனே புரியும். எங்கள் அம்மா தேங்காயெண்ணெய்ப் போத்தலைப் பக்கத்தில் வைக்காமல் பலாப்பழத்தில் கத்தி வைத்ததில்லை. சுளையை எடுப்பது சுலபம். கையிலிருந்து விடுவிப்பதுதான் பாடு.

டிரெக்ஸ்லரின் பதிலையும் சொல்ல வேண்டும், அது வலுவானது. நம் உடலின் கலங்களில் இறைபோசோம் என்ற 20, 30 நனோமீற்றர் பொறி, கட்டளையைப் படித்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் புரதம் செய்கிறது. பற்றீரியாவில் ஒரு செக்கனுக்கு 20 வரை கோக்கும். ஆகவே மூலக்கூறு இயந்திரம் இயலாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் ஸ்மோலி கேட்டதும் நியாயம்: அது தண்ணீருக்குள், மென்மையான பொருளால், ஓயாத மூலக்கூறு மோதலுக்கு நடுவே நடக்கிறது. உலர்ந்த இடத்தில் உருக்குப் பற்சக்கரம்போல ஓடுவதில்லை. இருவரின் வாதத்திலிருந்தும் நான் எடுத்துக்கொண்ட பாடம் இது: நம்பத்தக்க நனோ இயந்திரம் தொழிற்சாலையைப்போல இருக்காது, கலத்தைப்போல ஈரமாக இருக்கும்.

புறாவில் ஏறிய ரொபோ

மூன்றாவது கேள்வி சக்தியும் கட்டளையும். இதற்குத் தமிழிலிருந்தே எடுத்துக்காட்டுத் தருகிறேன். தமிழில் விஞ்ஞானப் புனைகதையை வீட்டுக்கு வீடு கொண்டுபோனவர் சுஜாதா. ஆனந்த விகடனில் வந்த 'என் இனிய இயந்திரா'வின் ஜீனோ என்ற இயந்திர நாய்க்குட்டியை மறந்தவர் உண்டா? 2008 பெப்ரவரி 27இல் சுஜாதாவும், சரியாக மூன்று வாரம் கழித்து மார்ச் 19இல் கிளார்க்கும் மறைந்தார்கள். அந்த மூன்று வாரம் எனக்கு இரண்டு ஆசிரியர்களை இழந்த காலம்.

இனித் திரைக்கு வருவோம். 2018இல் வந்த '2.0' திரைப்படத்தில் கைப்பேசிகள் கூட்டமாகப் பறந்து பேருருவப் பறவையாகின்றன. காற்றைவிடக் கனமான பொருள் எதையாவது கீழே தள்ளாமல் மேலே நிற்காது; இறக்கை இல்லாத கைப்பேசிக்கு அது முடியாது. அந்தப் படமே அதை ஆன்ம சக்தியின் பக்கம் வைத்துவிடுவதால் அந்தப் பகுதியை மாயக்கதையாகவே பார்க்கலாம். ஆனால் அதே படத்தில் குட்டி ரொபோக்கள் புறாக்களின் மேல் ஏறி வருகின்றனவே, அதை நான் பெரிதும் மெச்சுகிறேன். சிறிய இயந்திரத்துக்குத் தொலைதூரம் பறக்கப் போதிய சக்தியைத் தூக்கிச்செல்ல இடமில்லை. நீளம் பத்தில் ஒரு பங்கானால் மின்கலத்தின் கொள்ளளவு ஆயிரத்தில் ஒரு பங்காகிவிடும். அப்போது ஏற்கெனவே பறக்கத் தெரிந்த உயிரின் முதுகில் ஏறுவது நல்ல பொறியியல்.

கட்டளையும் அப்படியே. ஒருவர் கைப்பேசியை அழுத்த, இரத்தத்தில் ஓடும் நனோ ரொபோ கீழ்ப்படிவதாகக் கதைகளில் படிக்கிறோம். வானொலி அலையைத் திறமையாகப் பிடிக்க அன்டெனா அந்த அலைநீளத்தோடு ஒப்பிடத்தக்க அளவில் இருக்க வேண்டும். கைப்பேசி அலை சென்ரிமீற்றர் கணக்கில் நீளமானது. நனோ உடலில் அதற்கு அன்டெனா வைக்க இடமில்லை. அப்படியானால் என்ன வழி? உயிர்கள் செய்வதைச் செய்யலாம்: இரசாயனத்தால் பேசலாம். ஒரு குறித்த மூலக்கூறைச் சந்தித்தால் திறக்கும் பூட்டுள்ள பெட்டியொன்றை 2012இல் டிஎன்ஏ இழைகளை மடித்தே ஆய்வாளர்கள் செய்தார்கள்; அந்தப் பெட்டி குறித்த கலத்தைக் கண்டால் திறந்து உள்ளிருப்பதை வெளிக்காட்டும்.

உண்மையில் நம்மில் பலரின் உடலில் நனோ வந்துபோயிருக்கிறது. கோவிட் காலத்தில் ஃபைசர், மொடேர்னா ஊசி போட்டவர்கள் கையைத் தொட்டுப் பாருங்கள். அந்த மருந்தில் இருந்தது ஏறத்தாழ 100 நனோமீற்றர் அளவுள்ள கொழுப்புத் துளி. அதற்குள் ஒரு கட்டளைக் கடிதம். எஞ்சினும் இல்லை, அன்டெனாவும் இல்லை. இரத்தமும் நிணநீரும் கொண்டுபோயின, கலம் தானாகவே விழுங்கியது, இறைபோசோம் கடிதத்தைப் படித்தது. ஐம்பது ஆண்டுகளாகக் கதைகள் கனவுகண்ட பயணம் அது.

நான்காவது கேள்வி பெருக்கம். தன்னைத்தானே நகலெடுக்கும் நனோ ரொபோக்கள் கட்டுமீறிப் பெருகி உலகத்தையே சாம்பல் நிறக் கூழாக்கிவிடும் என்ற அச்சம் டிரெக்ஸ்லரின் நூலிலிருந்து எழுந்தது. 2002இல் மைக்கேல் கிரைட்டன் 'ப்ரே' நாவலில் அந்த அச்சத்தை வளர்த்தார். கணக்குப் போடுவோம். 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும் ஒரு பற்றீரியா தடையின்றிப் பெருகினால் இரண்டு நாளில் அதன் வழித்தோன்றல்களின் திணிவு பூமியின் திணிவை மிஞ்சும். கொட்டியாரக் குடாவில் பற்றீரியாக்கள் கோடி கோடியாக இருக்கின்றன. குடா இன்னும் தண்ணீராகத்தான் இருக்கிறது. ஏனென்றால் உணவு தீரும், கழிவு சேரும், வேறோர் உயிர் அவற்றைத் தின்னும். நகலெடுக்கும் ரொபோவுக்கும் இதே தடைகள் உண்டு. அதற்கு வேண்டிய தனிமங்கள் அது நிற்கும் இடத்தில் சரியான விகிதத்தில் கிடைக்க வேண்டும், சக்தி வேண்டும், வெளிவரும் வெப்பம் அதையே பொசுக்காமல் போக வேண்டும். அச்சக் கதை எழுதலாம், ஆனால் உங்கள் அரக்கனுக்கும் சாப்பாடு போட வேண்டும்.

கந்தளாய் வயலில் ஒரு போத்தல்

இதுவரை கதைகளைப் பேசினேன். இதையெல்லாம் உங்களிடம் சொல்ல நான் ஆசைப்பட்டதன் காரணம் ஒரு வயல்.

2021இல் நம் நாட்டில் இரசாயன உர இறக்குமதி ஒரே அடியாகத் தடைசெய்யப்பட்டது. பெரும்போகம் நெருங்கியபோது ஒக்டோபரில் நனோ நைதரசன் திரவம் இந்தியாவிலிருந்து விமானத்தில் வந்தது. அத்தகைய 500 மில்லிலீற்றர் போத்தல் ஒன்று 45 கிலோ யூரியா மூட்டைக்குச் சமம் என்று விளம்பரம் சொன்னது. கந்தளாயிலும் தம்பலகாமத்திலும் மூதூரிலும் வயல் செய்பவர்களுக்கு அந்தப் பேச்சு எட்டியது.

வாருங்கள், சேர்ந்து கணக்குப் போடுவோம். போத்தலில் நைதரசன் நூற்றுக்கு நான்கு பங்கு. அரை லீற்றரில் ஏறத்தாழ 20 கிராம். 45 கிலோ யூரியாவில் நைதரசன் நூற்றுக்கு 46 பங்கு. அதாவது 20 கிலோவுக்குச் சற்று மேல். ஆயிரம் மடங்கு வித்தியாசம். யூரியாவில் பெரும்பகுதி வீணாகிறது என்பது உண்மை. மூன்றில் ஒரு பங்குதான் பயிரைச் சேர்கிறது என்று வைத்தாலும் ஏழு கிலோ சேர்கிறது. போத்தலிலுள்ளது ஒரு துளியும் வீணாகாமல் சேர்ந்தாலும் 20 கிராம்தான். ஒரு தொன் நெல் விளையப் பயிர் 15 முதல் 20 கிலோ நைதரசனை உறிஞ்சுகிறது. துகள் எவ்வளவு நுண்ணியதானாலும் இல்லாத அணுவை அது கொண்டுவராது. திணிவுக் காப்பு விதியை நாங்கள் பள்ளியிலேயே படிக்கிறோம்.

தடை அந்த நவம்பரில் தளர்த்தப்பட்டது. ஆனால் பெரும்போக விளைச்சல் நாடெங்கும் வீழ்ந்ததை நம் வீட்டு அரிசிப் பானைகளே அறியும். கிளார்க் விதியைக் காப்பாற்ற ஒரு நாட்டை நகர்த்தினார். நாம் நாட்டை இருந்த இடத்தில் வைத்துக்கொண்டு விதியை நகர்த்தப் பார்த்தோம். கதையில் விதியை வளைத்தால் வாசகர் புத்தகத்தை மூடிவைப்பார். வயலில் வளைத்தால் விவசாயி பட்டினி கிடப்பார்.

நனோ உரம் என்றாலே பொய் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. 2017இல் ஹோமாகமவிலுள்ள இலங்கை நனோ தொழில்நுட்ப நிறுவகத்தோடு சேர்ந்த நம் நாட்டு ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். நம் எலும்பிலுள்ள கனிமமான ஐதரொட்சியபற்றைற்றின் நனோத் துகள்களோடு யூரியாவைப் பிணைத்தார்கள். யூரியா நீரில் கரைந்தோடாமல் ஏறத்தாழ பன்னிரண்டு மடங்கு மெதுவாக வெளிவந்தது. பாதி யூரியாவோடு நெல் நன்றாக விளைந்ததை வயலில் காட்டினார்கள். இங்கே நைதரசன் எங்கிருந்தும் பிறக்கவில்லை, வீணாவது குறைந்தது. இரண்டும் நனோ என்றுதான் பெயர்பெற்றன. பிரித்தறிய ஒரு பெருக்கல், ஒரு வகுத்தல் போதும்.

பழம்பெருமைக்கும் இதே அளவுகோலைப் பிடிப்போம். 2020இல் கீழடிப் பானையோடுகளின் பூச்சில் காபன் நனோக்குழாய்கள் இருப்பதாக ஓர் ஆய்வு வந்தது. தென்னாசிய உருக்கால் செய்த பழைய டமாஸ்கஸ் வாளிலும் 2006இல் அவை காணப்பட்டன. நம் குயவரும் கொல்லரும் நெருப்பையும் கரியையும் அவ்வளவு தேர்ச்சியோடு ஆண்டார்கள் என்பது நமக்குப் பெருமை. அவர்கள் நனோ விஞ்ஞானம் அறிந்திருந்தார்கள் என்று கூட்டிச் சொன்னால், அவர்கள் உண்மையில் செய்த சாதனையை நாமே மறைத்தவர்களாவோம்.

இங்கே உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். எங்கள் மாவட்டத்துக் கறுப்பு மணல் கப்பலேறிப் போகிறது. போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் உலகிலேயே மிகத் தூய இயற்கைக் காரீயம் (கிராஃபைட்) கிடைக்கிறது. அதை ஓர் அணுத் தடிப்புக்கு உரித்தால் கிராபீன். நம் கடலடிப் பள்ளத்தாக்கில் இன்னும் பெயரிடாத உயிர்கள் இருக்கும். ஒரு விஞ்ஞானக் கதைக்கு இதைவிட என்ன வேண்டும்? பிரெடெரிக் கோட்டை மதிலில் உட்கார்ந்து எழுதுங்கள். கின்னியாவில் மட்டி பொறுக்கும் பெண்ணைக் கதாநாயகியாக்குங்கள். எழுதும்போது பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்துக்கொள்ளுங்கள். கதையில் நீங்கள் எதை மாற்றினீர்கள் என்பதை அதில் எழுதுங்கள். ஊரை மாற்றியிருந்தால் தொடருங்கள், காலத்தை மாற்றியிருந்தால் தொடருங்கள். விதி ஒன்று அந்தத் தாளில் ஏறிவிட்டால் பேனாவை வைத்துவிட்டுக் கணக்கை மறுபடி பாருங்கள். அப்படிப் பழகிய கை, நாளை ஒரு போத்தலின் சுட்டுத்துண்டை வாசிக்கும்போதும் கணக்குப் போடாமல் விடாது.